விஷக்கடியும் மந்திரக் கணக்கும்

கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் முதலிய பக்கங்களில் விஷக்கடி என்பது பணக்காரனுக்கு எப்போதாவது நேருகிற ஆபத்தாகவும், ஏழைக்கு அவன் தொழிலோடு கூடவே வருகிற ஆபத்தாகவும் இருந்து வருகின்றது. சீமைக்கருவேல் வெட்டுகிறவன், அதன் தூரைத் தோண்டுகிறவன், கரிமூட்டத்திற்கு விறகு அடுக்குகிறவள், பனை ஏறுகிறவன், ஓலை முடைகிறவள், மிளகாய்க் காட்டில் களை பறிக்கிறவள் ஆகிய இவர்களையேதான் தேளும், பூரானும், குளவியும், கதண்டும் தேடிப் பிடித்தாற்போல் கொட்டுகின்றன. தேளுக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் வெறுங்காலும் வெறுங்கையும் எந்தச் சாதியாருக்கு, எந்தக் கூலிக்காரருக்கு வாய்த்திருக்கின்றன என்பதை நாம் சொல்லித்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை.

கொட்டினவுடன் நடப்பதென்ன? ஒருவர் சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துத் தடவச் சொல்லுகிறார். ஒருவர் புளியங்கொட்டையைக் கல்லில் சூடேற உரசிக் கடிவாயில் ஒட்டச் சொல்லுகிறார். ஒருவர் வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கிறார். ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார். மற்றொருவர் உப்புத் தண்ணீரைக் கண்ணில் விடச் சொல்லுகிறார். இன்னொருவர் கயிற்றைக் கொண்டு வந்து முழங்காலுக்குக் கீழ் இறுக்கிக் கட்டிவிடுகிறார். இதற்குள் யாரோ ஒருவர் மந்திரிக்கிறவரை அழைத்து வர ஓடுகிறார். அவர் வந்து வேப்பிலைக் கொத்தை எடுத்து உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தடவி இறக்கி, வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்து, திருநீறு பூசி, “இப்போது எங்கே வலிக்கிறது?” என்று கேட்கிறார். கடிபட்டவன் “தொடையில் இருந்தது, இப்போது முழங்காலுக்கு வந்துவிட்டது” என்கிறான். கூடியிருக்கிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். விஷம் இறங்கிவிட்டதாக ஏற்பட்டுவிடுகின்றது.

இவை அத்தனையையும் ஒரேயடியாக மூடத்தனமென்று சொல்லித் தள்ளிவிட்டுப் போவது நமது நோக்கமல்ல. வலியால் துடிக்கிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு தாயானவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. கைக்கு எட்டியதை எடுத்துத்தான் தடவுவாள். நம்முடைய கேள்வியெல்லாம், இதனால் குணமானது என்று சொல்லுகிறார்களே, அப்படிச் சொல்லுவதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

விஷயம் என்னவென்றால், தேள் கொட்டினவர்களில் பெரும்பாலோர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளக் கூடியவர்கள். வலி முதலில் மேலே பரவி, சில மணி நேரம் உயிரை வாங்கி, பிறகு தானாகவே சுருங்கிக் கடிவாய்க்கு வந்து, மறுநாள் மரத்துப்போய் ஆறிவிடும். மந்திரிக்கிறவர் வந்தாலும் அப்படித்தான், வராவிட்டாலும் அப்படித்தான். மழை நிற்கப் போகிற நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, “என் குடையால்தான் மழை நின்றது” என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு நாம் கூலி கொடுப்போமா? வேப்பிலைக்காரருக்கு மாத்திரம் ஏன் வெற்றிலை பாக்கும் தட்சணையும் வைத்து வணங்குகிறோம்?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கின்றது. நட்டுவாக்காலி என்று நாம் சொல்லுகிற பெரிய கருந்தேள் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே பயமாயிருக்கும். பெரிய கொடுக்கும், தடித்த உடம்புமாயிருக்கும். ஆனால் அதன் விஷம் அவ்வளவு கொடியதன்று. வலிக்கும், வீங்கும், அவ்வளவுதான். ஆளைக் கொல்லுவது விரல் நீளங்கூட இல்லாத சின்னச் செந்தேள். 1798ல் டென்மார்க்கு தேசத்துப் பூச்சி ஆராய்ச்சிக்காரரான ஃபப்ரிசியஸ் என்பவர் அந்தச் செந்தேளுக்குச் சாஸ்திரப் பெயர் வைத்தபோது, “தமுலுஸ்” என்று நம் தமிழின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். தமிழனுக்கு உலகத்தில் கிடைத்த பெருமைகளில் இதுவும் ஒன்று! ஆகவே மந்திரிக்கிறவர் கருந்தேளிடத்தில் ஜெயித்துக் கீர்த்தி சம்பாதிக்கிறார். செந்தேளிடத்தில் குழந்தையைப் பறிகொடுக்கிறார். முந்தியது அவருடைய மந்திர சக்தியின் கணக்கில் ஏறுகின்றது. பிந்தியது அந்தக் குழந்தையின் தலைவிதிக் கணக்கில் ஏறுகின்றது. வரவெல்லாம் தனக்கும் செலவெல்லாம் கடவுளுக்குமாக இப்படிக் கணக்கு எழுதுகிற ஒரு கடைக்காரன் ஊரில் இருந்தால் அவனிடம் யாராவது ஒரு படி உப்பு வாங்குவார்களா என்று கேட்கிறோம்.

செந்தேள் எப்படிக் கொல்லுகிறது என்பதை விதியை நம்பாத ஒரு மனிதர் உட்கார்ந்து கவனித்துக் கண்டுபிடித்தார். மராட்டிய நாட்டில் கொங்கணக் கரையோரம் மகாட் என்று ஒரு ஊர். அந்தப் பக்கமும் நம் பக்கம்போலவே செந்தேள் மலிந்தது. ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து டாக்டரான ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்பவர் 1970களில் அங்கே ஒரு கிராம ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வேலைக்குப் போனார். தேள் கொட்டின குழந்தைகளும் பெரியவர்களும் கண் முன்னே செத்துப்போவதைக் கண்டார். “நேரம் வந்தது, போய்விட்டது” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. கடிபட்டவர்களின் பக்கத்தில் இராத்திரி முழுவதும் இருந்து, எப்போது வியர்த்தது, எப்போது வாந்தி வந்தது, கை கால் எப்போது சில்லிட்டது, இரத்த அழுத்தம் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, எப்போது நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டியது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அதை 1982ல் இங்கிலாந்து தேசத்து “லான்செட்” என்கிற வைத்தியப் பத்திரிகைக்கு எழுதினார்.

அவர் கண்டது இது. விஷம் உடம்பிலுள்ள நரம்புகளைத் தூண்டிவிட்டு, பயத்திலும் கோபத்திலும் சுரக்கிற சுரப்புகளை வெள்ளமாகப் பாயவைக்கிறது. இரத்தக் குழாய்களெல்லாம் இறுகிப் போகின்றன. இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்து அடித்து அடித்துக் களைத்து ஓய்ந்துவிடுகின்றது. அப்படியானால் இறுக்கத்தைத் தளர்த்தினால் என்ன என்று யோசித்தார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிராசோசின் என்ற சாதாரண மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். விலை மலிவான மாத்திரை. அதற்கு முன்பு அந்தப் பக்கத்தில் கடுமையாக விஷமேறினவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது பேர் வரையில் செத்துக்கொண்டிருந்தது போக, பிற்பாடு அது நூற்றுக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைந்துபோயிற்று. 2011ல் தேள் விஷமுறிவு ஊசியையும் அந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் குணமாகிறதென்று நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பரீட்சை செய்து வெளியிட்டார். 2022ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. பட்டம் கிடக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது, அவர் மற்ற டாக்டர்கள் அதுவரை வழக்கமாகக் கொடுத்து வந்த மருந்துகளில் பலவும் பிரயோசனமற்றவை என்று தன் தொழில்காரரையே எதிர்த்துச் சொன்னார் என்பதாகும். தப்பென்று தெரிந்தால் தள்ளிவிடுகிற வைத்தியம் ஒன்று. தப்பென்று தெரியவே வழியில்லாதபடி வாய்க்குள் முணுமுணுக்கிற வைத்தியம் மற்றொன்று.

நிற்க, வீட்டு வைத்தியங்களுக்கு வருவோம். சுண்ணாம்பு வைப்பதற்குக் காரணம் கேட்டால், கொஞ்சம் படித்த தோழர்கள்கூட “தேனீயின் விஷம் புளிப்புச் சேர்ந்தது, சுண்ணாம்பு காரம் சேர்ந்தது, ஆகையால் ஒன்றையொன்று முறிக்கும்” என்று ரசாயனம் பேசுகிறார்கள். விஷமோ ஊசிபோட்டது போலத் தோலுக்குள்ளே போய்விட்டது. சுண்ணாம்போ தோலுக்கு மேலே கிடக்கிறது. வீட்டுக்குள் திருடன் இருக்கக் கூரைமேல் ஏறி நின்று தடியைச் சுழற்றினால் எப்படியோ அப்படித்தான் இது. அன்றியும் அந்த விஷத்தின் சக்தி புளிப்பினால் மாத்திரம் வருவதல்ல. அது பெரும்பாலும் புரதச் சரக்கு. சுண்ணாம்பு தோலை வேகவைத்து, இருந்த புண்ணோடு இன்னொரு புண்ணையும் உண்டாக்குவதுதான் மிச்சம். உப்புத் தண்ணீரைக் கண்ணில் விட்டால் கண் எரிச்சலில் கால் வலி சற்று நேரம் மறந்துபோகும். அதுதான் அதன் மகிமை. கயிறு கட்டுவதும் கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் இவற்றைவிடப் பொல்லாதவை. இரத்த ஓட்டம் நின்று காலே போய்விடக்கூடும்.

தேள்கொடுக்கு என்று ஒரு செடி நம் கண்மாய்க் கரைகளில் இருக்கின்றது. அதன் பூங்கொத்து தேளின் வாலைப்போல வளைந்திருக்கும். ஆகையால் அது தேள் கடிக்கு மருந்தாம்! இந்தப் புத்தி நமக்கு மாத்திரம் சொந்தமென்று யாரும் வெட்கப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். ஏறக்குறைய 2000 வருஷங்களுக்கு முன் டயாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க வைத்தியரும் அதே இனத்துச் செடி ஒன்றைப்பற்றி, அதன் பூ தேள் வாலைப்போலிருப்பதாகவும், அது தேள் கடிக்கு ஆகுமென்றும் எழுதி வைத்திருக்கிறார். மேல்நாட்டாரும் வெகுகாலம் இப்படி உருவத்தைப் பார்த்து மருந்து தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு பரீட்சை செய்து பார்த்து விட்டுவிட்டார்கள். நாம் மாத்திரம் அதை ரிஷிகள் சொன்னதாக்கிக் கும்பிடுகிறோம். செடியில் குணம் இருக்கவே இருக்காதென்று நாம் சொல்லவில்லை. இருந்தால் சோதித்துக் காட்டட்டும். பூ வளைந்திருப்பது சாட்சியாகாது.

இப்படிச் சொல்லுவதால் பாட்டி சொன்னதெல்லாம் பொய் என்பது நமது கட்சியாகிவிடாது. கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் கையையோ காலையோ வைத்திருப்பது நல்லது. அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகிறதென்று இன்றைய வைத்தியரும் சோதித்து ஒப்புக்கொள்ளுகிறார்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் சொறி பட்டால் மூத்திரம் பெய்யச் சொல்லுகிறார்களே, அது எதற்குமே உதவாது. இரண்டும் பழைய வழக்கந்தான். ஒன்று பரீட்சையில் தேறிற்று, மற்றொன்று தேறவில்லை.

கடியைவிடக் கொடுமையானவை அதைச் சுற்றியுள்ள சடங்குகள். பழைய விஷ வைத்திய நூல்களில் “தூதன் இலக்கணம்” என்று ஒன்று உண்டு. அதாவது வைத்தியனை அழைக்க வந்த ஆள் எந்தத் திசையில் நின்றான், எந்தக் காலை முன்வைத்தான், கையில் என்ன வைத்திருந்தான், அன்றைக்கு என்ன திதி, என்ன நட்சத்திரம் என்று பார்த்துக் கடிபட்டவன் பிழைப்பானா சாவானா என்று சொல்லிவிடுவது. கடிபட்டவன் ஒரு வீட்டில், வைத்தியப் பரிசோதனை வேறொரு வீட்டில், அதுவும் வேறொருவன் மேலே! இதைவிட அழகான தப்பித்துக்கொள்ளும் வழியை எந்த வக்கீலும் கண்டுபிடிக்க முடியாது. “ஏன் ஐயா, என் மகன் போய்விட்டானே?” என்று தகப்பன் அழுதால், “நீ ஆள் அனுப்பின நாழிகை சரியில்லையே அப்பா” என்று பழியைத் தகப்பன் தலையிலேயே போட்டுவிடலாம்.

பல ஊர்களில் தூரமான பெண்ணின் நிழல் பட்டால் விஷம் ஏறிவிடும் என்கிறார்கள். அதனால் தேள் கொட்டின குழந்தையின் தாய் அன்று வீட்டுக்கு விலக்காயிருந்தால் அவள் வாசலுக்கு வெளியே நின்று கதறவேண்டியதுதான். குழந்தைக்கு வியர்த்திருக்கிறதா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா என்பதை யாரையும்விட முன்னதாகக் கண்டுபிடிக்கக் கூடியவள் தாய். அவளை விலக்கிவிட்டு, குழந்தையை யாரென்றே தெரியாத மந்திரக்காரனை உள்ளே விடுகிறார்கள். பெண் என்றால் தேளைவிட விஷமானவள் என்று எழுதிவைத்த ஆண்பிள்ளைகளின் யோக்கியதை இதிலிருந்தே விளங்கவில்லையா?

தேளைச் சாமியாக்கிக் கும்பிட்டவர்களும் நம் தேசத்தில் உண்டு. கோலாரில் கோலாரம்மன் கோயிலில் தேளுக்கென்றே ஒரு அம்மன். அங்கே காணிக்கை போட்டால் தேள் கொட்டாதாம். ஏதோ இந்துக்களின் மூடத்தனத்தை மாத்திரம் சொல்லுகிறோமென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓதி ஊதுவது, தாயத்துக் கட்டுவது, மந்திரித்த தண்ணீர் கொடுப்பது என்கிற வியாபாரத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்கிற பேதமில்லாமல் கடை வைத்திருக்கிறார்கள். கோளாறு உடம்பிலிருக்க, குணம் தாயத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருமென்று நம்பிக் காத்திருந்ததன் விலை என்னவென்பதற்கு நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. கடலாடிக்கு அருகிலுள்ள ஏர்வாடியில், 2001ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி விடியற்காலையில், புத்தி சுவாதீனமில்லாதவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டு போனார்கள். டாக்டரிடம் போகவேண்டியவர்கள் சங்கிலியில் காத்திருந்தார்கள். ஓடக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் சர்க்காருக்கும் கோர்ட்டுக்கும் கண் திறந்தது. தேள் கொட்டினவன் காலில் சங்கிலி இல்லை. ஆனாலும் “மந்திரித்து முடியட்டும்” என்று அவனை இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்த்தி வைப்பதற்கு வேறு என்ன பெயர்?

இனி குளவி, கதண்டு, தேனீ விஷயம். பனையில் கதண்டு கூடு கட்டியிருப்பது தெரியாமல் ஏறினவர் பாடு சொல்லவேண்டியதில்லை. ஒன்றிரண்டு கொட்டினால் வீங்கி வடிந்துவிடும். ஆனால் கூட்டமாகக் கொட்டினால் விஷம் இரத்தத்தையும் தசையையும் கெடுத்து, இரண்டொரு நாள் கழித்துச் சிறுநீரகத்தைப் பாழாக்கிவிடக் கூடும். “நேற்றே எழுந்து நடந்தானே” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் கறுத்து நின்றுவிடும். மற்றொரு ஆபத்து, சிலருக்கு ஒரே கொட்டில் உடம்பெல்லாம் தடித்து, உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு அடைத்து, மயக்கம் போட்டு, அரைமணி நேரத்திற்குள் உயிர் போய்விடுவது. முன்னொரு முறை கொட்டினபோது ஒன்றும் ஆகவில்லையே என்றால், அந்த முறைதான் உடம்பு அந்த விஷத்தைப் பகையாகப் பதிந்து வைத்துக்கொண்டது என்பது பதில். பிரான்சு தேசத்து ரிஷே, போர்த்தியே என்ற இருவர், கடலில் மிதக்கும் சொறி வகைகளின் விஷத்தை ஆராயப் புகுந்து, நாய்களுக்கு இரண்டாம் முறை துளி விஷம் கொடுத்தபோது அவை உடனே சாவதைக் கண்டு 1902ல் இதை வெளியிட்டார்கள். ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மூச்சடைப்புக்கு உலகத்திலே ஒரே முதல் மருந்து தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி. வேப்பிலை இல்லை, வெங்காயம் இல்லை, வேறு மாத்திரைகூட அதற்கு ஈடில்லை.

தேனீ கொட்டினால் கொடுக்கு விஷப்பையோடு தோலில் நின்றுவிடும், குளவிக்கு அப்படியில்லை. அந்தக் கொடுக்கை நகத்தால் கிள்ளக்கூடாது, பக்கவாட்டில் சுரண்டித்தான் எடுக்கவேண்டுமென்று டாக்டர்களே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1996ல் சோதித்துப் பார்த்ததில், எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், சீக்கிரம் எடுப்பதே முக்கியம் என்று தெரிந்தது. சொன்னதை மாற்றிக்கொண்டார்கள். யாரும் தீட்டாகிவிடவில்லை.

ஏழை மந்திரக்காரனிடம் போவது மூடத்தனத்தால் மாத்திரம் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மந்திரக்காரன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான், இராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிறான், கூலி நாளைக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறான், மரியாதையாகப் பேசுகிறான். இவ்வளவையும் ஆஸ்பத்திரியும் செய்யவேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையுண்டு. பிராசோசினும் அட்ரினலினும் பாம்பு விஷமுறிவு மருந்தும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இராத்திரியிலும் இருக்கின்றனவா என்று போய்க் கேட்க வேண்டியது நமது தோழர்களின் வேலை. கோயிலுக்குக் கும்பாபிஷேகக் கமிட்டி போடத் தெரிந்த ஊருக்கு இதற்கொரு கமிட்டி போடத் தெரியாதா?

பாம்பு விஷமுறிவு மருந்தென்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அந்த மக்களின் கைத்திறமையால் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். கருட மந்திரம் ஓதினவர்களின் வீட்டுப் பிள்ளையைப் பாம்பு கடித்தாலும் அந்த மருந்தைத்தான் ஏற்றுகிறார்கள். இருளர் கை தொட்ட விஷத்திலிருந்து வந்ததென்று அப்போது யாரும் தீட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே தேள் கொட்டினால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸோ குளிர்ந்த தண்ணீர்த் துணியோ வைத்தால் வலி குறையும். கட்டாதீர்கள், கீறாதீர்கள், சுடாதீர்கள். குழந்தையானால் எதற்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். பெரியவரானால் வியர்வை கொட்டுகிறதா, வாந்தி வருகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, கை கால் சில்லிடுகிறதா, மூச்சு இரைக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 108க்குச் சொல்லுங்கள். குளவி கொட்டி உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், அல்லது கூட்டமாகக் கொட்டினால் அப்படியே. கடித்தது இன்னதென்று தெரியாவிட்டால் பாம்பென்றே வைத்துக்கொண்டு போங்கள். விறகு அடுக்கையும் ஓலைக் குவியலையும் தொடுமுன் கோலால் தட்டுங்கள், செருப்பை உதறிப் போடுங்கள், இராத்திரியில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். திருநீறு பூசித்தான் ஆகவேண்டுமென்று கிழவி பிடிவாதம் செய்தால், வண்டியிலே வைத்துப் பூசிக்கொண்டே வரட்டும். வண்டி நிற்க வேண்டாம்.

தமிழ்நாட்டு சர்க்கார் பாம்புக்கடியைக் கட்டாயம் கணக்கில் தெரிவிக்க வேண்டிய வியாதியாக 2024ல் அறிவித்தது. தேளுக்கும் குளவிக்கும் நாமே ஆரம்பிக்கலாம். ஊருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கடிபட்டவருக்கு என்ன வயது, கடித்தது எது, எத்தனை மணிக்குக் கடித்தது, முதலில் என்ன தடவினார்கள், யாரிடம் போனார்கள், ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், என்ன ஆனார்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். ஒரு வருஷம் எழுதிய பிறகு அந்த நோட்டை மந்திரிக்கிறவரிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிழைத்தவர்கள் பக்கத்தில் அவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ள ஆட்சேபணையில்லை. செத்தவர்கள் பக்கத்திலும் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கிறாரா என்று மாத்திரம் கேட்டு, அவர் சொல்லுகிற பதிலையும் அதே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.